டிரைவர் ரிவ்யூ: எங்கிருந்து வாசிப்பது?

அன்புள்ள ஐயா,

நான் தருமபுரிக்காரன். ஓசூரில் ஒரு சிறு எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் வேலை. காவேரிப்பட்டணம் பக்கம் மாங்கூழ் ஆலைகளுக்கு வெப்பநிலையைக் கண்காணிக்கும் பெட்டி செய்கிறோம். அதில் ஐ2சி பஸ் (இரண்டு கம்பியில் சென்சாரோடு பேசும் முறை) கன்ட்ரோலர் இருக்கிறது. அதை இயக்க எங்கள் சீனியர் லினக்ஸ் கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) டிரைவர் எழுதி, என்னை ரிவ்யூ செய்யச் சொல்லியிருக்கிறார். நான் வேலைக்குப் புதிது. டேப், இடைவெளி தவிர எந்தக் குறையும் கண்ணில் படவில்லை. எங்கிருந்து தொடங்குவது? முழுக்கப் படித்துவிட்டால், சரிபார்த்தேன் என்று பெயரிடும் 'ரிவ்யூட்-பை' வரியைப் போட்டுவிடலாமா?

வாசகர், ஓசூர்

அன்புள்ள தம்பி,

டேப், இடைவெளியை விடுங்கள். அதற்கு கெர்னலோடு வரும், எழுத்து நடையைச் சரிபார்க்கும் 'செக்பேட்ச்' ஸ்கிரிப்டே போதும்.

முதல் வரியிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டாம். எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது டிரைவர் என்ன செய்கிறது என்பதை உங்கள் சீனியர் மேசையில் ஓட்டிப் பார்த்திருப்பார். சென்சார் பதில் சொல்லாதபோது என்ன செய்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. அங்கிருந்து தொடங்குங்கள்.

இன்டரப்ட் (வேலை முடிந்தது என்று கன்ட்ரோலர் தரும் சைகை) வரும்வரை டிரைவர் காத்திருக்கும் இடத்தை முதலில் தேடுங்கள். அனேகமாக 'வெயிட் ஃபார் கம்ப்ளீஷன் டைம்அவுட்' என்ற ஃபங்ஷன் இருக்கும். நேரம் தீர்ந்தால் அது பூஜ்யம் தரும். வேலை முடிந்திருந்தால் மீதி நேரத்தைத் தரும். மைனஸ் எண் தரவே தராது. ஆனால் 'பூஜ்யத்துக்குக் கீழே போனால் பிழை' என்று பழக்கதோஷத்தில் எழுதுகிறவர்கள் நிறைய. அப்படி எழுதினால் டைம்அவுட்டை டிரைவர் வெற்றி என்று எடுத்துக்கொள்ளும். ஆலையில் சென்சார் வயர் கழன்று கிடக்கும், திரையில் ஏதோ ஒரு வெப்பநிலை ஓடிக்கொண்டிருக்கும்.

அதைச் சரியாக எழுதியிருந்தாலும் அடுத்த வரியையும் பாருங்கள். டைம்அவுட் ஆனதும் கன்ட்ரோலரை நிறுத்துகிறாரா? நிறுத்தாமல் திரும்பிவிட்டால், தரவைக் கேட்ட நிரல் தன் பஃபரை (தரவு வந்து சேரும் நினைவக இடத்தை) விடுவித்துவிடும். அதற்கப்புறம் தாமதமாக ஒரு இன்டரப்ட் வரும். அதைக் கவனிக்கும் ஹேண்ட்லர் ஃபங்ஷன் அந்தப் பழைய முகவரியில் பைட்டுகளை எழுதும். சம்பந்தமே இல்லாத வேறொரு இடத்தில் கெர்னல் கிராஷ் ஆகும். இதைக் கண்டுபிடிப்பதுபோல் கொடுமையான வேலை வேறில்லை.

அப்புறம் பஸ் மாட்டிக்கொள்வது. சென்சார் ஒரு பைட்டை அனுப்பும் நடுவில் பெட்டி மட்டும் ரீசெட் ஆனால், சென்சார் எஸ்டிஏ எனும் தரவுக் கம்பியைக் கீழே (பூஜ்ய நிலையில்) இழுத்துப் பிடித்தபடியே நிற்கும். எஸ்சிஎல் எனும் கிளாக் கம்பியில் 9 துடிப்புகள் வரை கொடுத்தால் சென்சார் எஸ்டிஏவை விட்டுவிடும். ஐ2சி விதிமுறையே சொல்லும் வழி இது. லினக்ஸில் இதற்குப் பொதுவான ஃபங்ஷனும் இருக்கிறது. டிரைவர் அதைப் பயன்படுத்துகிறதா என்று கேளுங்கள். மேசையிலேயே எஸ்டிஏவை ஒரு வயரால் கிரவுண்டோடு சேர்த்துப் பிடித்தால் டிரைவரின் குணம் தெரிந்துவிடும்.

கடைசியாக, டிரைவரைக் கழற்றும்போது ஓடும் 'ரிமூவ்' ஃபங்ஷன். கெர்னலே தானாக விடுவிக்கும் 'டெவ்எம்' வகையில் பதிவு செய்த இன்டரப்ட், ரிமூவ் முடிந்த பிறகுதான் விடுவிக்கப்படும். அதற்குள் கன்ட்ரோலரை ஓட்டும் கிளாக்கை அணைத்துவிட்டால், இடையில் ஓர் இன்டரப்ட் வரும்போது ஹேண்ட்லர் கிளாக் இல்லாத ரிஜிஸ்டரை (கன்ட்ரோலரின் உள் நினைவிடத்தை) தொடும். பல சிப்களில் அத்தோடு சிஸ்டம் உறைந்துவிடும். டிரைவர் தொடங்கும்போது ஓடும் 'புரோப்' ஃபங்ஷனிலும் வரிசையைக் கவனியுங்கள்: இன்டரப்ட் கேட்பதற்கு முன்பே கம்ப்ளீஷனும் (வேலை முடிந்ததைக் குறிக்கும் அமைப்பு) கிளாக்கும் தயாராக இருக்க வேண்டும்.

டிரைவர் திருப்பித் தரும் பிழை எண்களுக்கு கெர்னல் ஆவணத்தில் பட்டியலே இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

புதியவன் என்று தயங்காதீர்கள். "டைம்அவுட் ஆனபின் கன்ட்ரோலரை எந்த வரி நிறுத்துகிறது?" என்று கேள்வியாகவே எழுதலாம். நல்ல சீனியர் அதற்குச் சந்தோஷப்படுவார். பதில் வந்து, தெரிந்த குறை எதுவும் மிச்சமில்லை என்று உங்களுக்கே தோன்றிய பிறகு 'ரிவ்யூட்-பை' போடுங்கள். படித்தேன் என்பதற்காக மட்டும் போடக்கூடாது. பெட்டியில் ஓட்டிப் பார்த்ததைச் சொல்ல 'டெஸ்டட்-பை' தனியாக இருக்கிறது. வயரைப் பிடித்துப் பார்த்தீர்கள் என்றால் அதையும் சேர்த்துப் போடலாம்.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து