மழையே இல்லாத நாளில் புயலுக்காகப் பள்ளிக்கு ஏன் லீவு விடுகிறார்கள்?

வெயில் அடிக்கும்போதே லீவா என்று கேட்டிருக்கிறீர்கள், நியாயமான கேள்விதான். லீவு அறிவிப்பது மாவட்ட ஆட்சியர். 24 மணி நேரத்தில் 20 செ.மீ.க்கு மேல் மழை வரலாம் என்று வானிலை மையம் ரெட் அலர்ட் கொடுத்தால், பிள்ளைகள் பாதி வழியில் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்றுதான் முன்கூட்டியே விடுகிறார்கள். அப்புறம் பலர் கவனிக்காத காரணம் ஒன்று: தாழ்வான பகுதி மக்களுக்குப் பள்ளிக்கூடம்தான் முகாம், பெஞ்சுகளை ஓரமாக அடுக்கிப் பாய் விரிக்கவே ஒரு நாள் வேண்டும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது? முதலில் தண்ணீர். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, பல கிராமங்களுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது, மோட்டார் ஓடாமல் குடிநீருக்கே ஜனங்கள் திண்டாடினார்கள். அதனால் டேங்க், குடம், அண்டா எல்லாவற்றையும் இப்போதே நிரப்புங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பிள்ளைகளின் சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மேலே வையுங்கள். காற்று சட்டென்று நின்றால் தயவுசெய்து வெளியே போகாதீர்கள், அது புயலின் கண்ணாக, அதாவது நடுவிலுள்ள அமைதியான பகுதியாக இருக்கலாம், கொஞ்ச நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடிக்கும். உதவிக்கு 1077, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை.