எனக்கு 22 வயசு, கொரோனா மாதிரி ஒரு தொற்று வந்தாலும் எனக்கு ஒன்னும் ஆகாது, நான் ஏன் கட்டுப்பாடா இருக்கணும்?

உங்களுக்கு ஒன்னும் ஆகாமலே போகலாம், ஆனா கேள்வியே அது இல்லைங்க, உங்ககிட்ட இருந்து அது யாருக்குப் போகுதுங்கறதுதான் கேள்வி. கொரோனால அறிகுறி தெரியறதுக்கு ஒன்னு ரெண்டு நாள் முன்னாடியே அடுத்தவங்களுக்குப் பரவ ஆரம்பிச்சிடும், சிலருக்கு கடைசி வரைக்கும் அறிகுறியே வராது, அதனால "நான் நல்லாத்தானே இருக்கேன்"ங்கறத வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. வேலை, காலேஜ், ஃப்ரெண்ட்ஸ்னு அதிகமா சுத்துறது நம்ம வயசுக்காரங்கதான். ஒருத்தர் ரெண்டு பேருக்குக் குடுத்தா பத்தாவது சுத்துல 1024 பேரு, அதுல யாரோ ஒருத்தர் வீட்டுல தாத்தாவோ புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுக்குறவங்களோ இருப்பாங்க. நீங்க ஒரு பார்ட்டிக்குப் போகாம இருந்தா அந்த சங்கிலி முழுசா அங்கயே அறுந்து போகலாம், இது சின்ன விஷயமே இல்ல.

இன்னொன்னு, இளவயசுன்னா தப்பிச்சிடலாம்னு எப்பவும் நம்பாதீங்க. 1918ல உலகம் முழுக்கப் பரவின ஃப்ளூ காய்ச்சல்ல 20லேர்ந்து 40 வயசுக்காரங்கதான் எக்கச்சக்கமா செத்தாங்க, கொரோனாலயும் லேசா வந்துபோன இளைஞர்கள் சிலர் மாசக்கணக்கா மூச்சு வாங்கிட்டு அசதியோட கஷ்டப்பட்டாங்க.

வேலைக்குப் போயே ஆகணும்ங்கறவங்கள நான் குறை சொல்லல, அவங்களுக்கு வேற வழி இல்ல. ஆனா மத்தபடி தடுப்பூசி போட்டுக்கறது, கூட்டத்துல மாஸ்க் போடறது, ஜன்னலத் திறந்து வைக்கறது, லேசா தொண்டை கரகரன்னு இருந்தாலே டெஸ்ட் எடுத்துட்டு தனியா இருக்குறது, வயசானவங்களுக்கு மருந்து வாங்கி வாசல்ல வச்சுட்டு வர்றது, இதெல்லாம் நம்மளால முடியும்.