கருப்பு வெள்ளைப் பிரிண்டில் பச்சை ஏறினால் கலர் ப்ரொஃபைல் காப்பாற்றுமா?

நீங்கள் கேட்டது: வீட்டு இன்க்ஜெட் பிரிண்டரில் கருப்பு வெள்ளைப் படம் போட்டால் லேசாகப் பச்சை அடிக்கிறது, நிறமே இல்லாத படத்துக்குக் கலர் ப்ரொஃபைல் எதற்கு?

கலர் ப்ரொஃபைல் என்பது உங்கள் பிரிண்டரில் எந்த நிறம் எப்படி விழும் என்று சொல்லும் குறிப்பு. நிறமில்லாத படத்துக்குத்தான் அது அதிகம் தேவை. கடலில் நீலம் கொஞ்சம் கூடிப்போனால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். சாம்பலில் துளி பச்சை கலந்தாலும் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

எனக்கு ஊர் பாம்பன். பெரியம்மா சின்னப்பாலத்தில் இருக்கிறார், கடல்பாசி எடுக்கப் போவார். பாசியோடு கரையேறி, நனைந்த சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு நிற்கிறபோது ஒரு படம் எடுத்தேன். கருப்பு வெள்ளையாக்கி ஏ4 அளவில் போட்டேன். ராத்திரி என் அறை எல்இடி வெளிச்சத்தில் சுத்தமான சாம்பலாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் அவர் வீட்டு ஜன்னலோரம் பிரித்தால் கன்னத்திலும் நெற்றியிலும் பச்சை. “என்னப்பா, மூஞ்சியிலயும் பாசி ஏறிப்போச்சு” என்றார். மனசு கேட்கவில்லை. அப்போதுதான் இதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன்.

என்னுடையது எப்சன் எல்805. ஆறு மையில் கருப்பு ஒன்றுதான்; மற்றவை சயான், மெஜந்தா, மஞ்சள், வெளிர் சயான், வெளிர் மெஜந்தா. வெளிச்சமான இடத்தில் கருப்பு மையைத் தெளித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதனால் முகம், மணல், வானம் போன்ற இடங்களில் கலர் மைகளைக் கலந்துதான் பிரிண்டர் சாம்பலை உண்டாக்குகிறது. அந்தக் கலவை ஒரு விளக்கில் சாம்பலாகவும் இன்னொரு விளக்கில் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரியும். இதை மெட்டாமெரிசம் என்பார்கள். எந்த ப்ரொஃபைலாலும் இதை முழுசாகப் போக்க முடியாது.

என் தப்பு வேறு ஒன்றும் இருந்தது. டேங்கில் விலை குறைந்த வேறு மை. தேர்ந்தெடுத்திருந்ததோ ஒரிஜினல் மைக்கான ப்ரொஃபைல். ஐசிசி ப்ரொஃபைல், அதாவது நாம் பேசும் கலர் ப்ரொஃபைல், என்பது ஒரு பிரிண்டர், ஒரு மை, ஒரு பேப்பர் மூன்றும் சேர்ந்தால் என்ன நிறம் வரும் என்ற அளவுக் குறிப்பு. மூன்றில் ஒன்று மாறினாலும் அது வேறு எதற்கோ எடுத்த அளவாகிவிடும். அதனால் உங்கள் மைக்கும் பேப்பருக்கும் தனியாக ஒரு ப்ரொஃபைல் செய்துவாங்குங்கள். கட்டம் கட்டமாக நிறங்கள் உள்ள சார்ட்டை நீங்கள் அச்சடித்துக் கொடுத்தால் ப்ரொஃபைல் செய்பவர்கள் நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் கருவியால் அளந்து செய்வார்கள். ஐசிசி கணக்குக்கு அடிப்படை டி50 என்ற பகல் வெளிச்சம். அப்படிச் செய்த ப்ரொஃபைலில் போட்ட பிரிண்ட் ஜன்னலோரத்தில் நன்றாக இருக்கும், டியூப்லைட்டில் கொஞ்சம் விலகலாம். படம் எங்கே தொங்கப்போகிறதோ அந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஓகே சொல்லுங்கள்.

படகில் சுக்கானை ஒருத்தர்தான் பிடிக்க வேண்டும். போட்டோஷாப் நிறத்தைப் பார்த்துக்கொள்ளும் என்று வைத்தால், பிரிண்டர் டிரைவரில் (கம்ப்யூட்டரில் பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) கலர் அட்ஜஸ்ட்மென்டை அணைத்தே ஆக வேண்டும். இரண்டும் சேர்ந்து திருத்தினால் படம் எந்தப் பக்கமாவது சாய்ந்துவிடும். நான் ஐந்தாறு ஷீட் வீணாக்கியது இதில்தான்.

உங்களிடம் இருப்பது சாம்பல் மைகளும் கருப்பு வெள்ளைக்கென்று தனி மோடும் உள்ள பிரிண்டர் என்றால் வழி வேறு. எப்சனில் அதற்கு அட்வான்ஸ்டு பிளாக் அண்ட் ஒயிட் என்று பெயர். அதில் பெரும்பாலும் கருப்பு, சாம்பல் மைகளே ஓடும், கலர் மை தொட்டுக்கொள்ளத்தான். வழக்கமான கலர் ப்ரொஃபைலை அங்கே போடக்கூடாது. அங்கே ப்ரொஃபைலுக்கு நிறத்தில் வேலையில்லை, வெளுப்பிலிருந்து கருப்புக்கு இறங்கும் சாம்பல் படிகளில்தான் வேலை. வெள்ளையிலிருந்து கருப்பு வரை 21 படி உள்ள பட்டையை அச்சடித்து அளந்தால், ராய் ஹாரிங்டன் உருவாக்கிய குவாட்-டோன்-ரிப் என்ற அச்சு மென்பொருளோடு வரும் கருவி அதிலிருந்து கிரேஸ்கேல் (சாம்பல் படிகளுக்கான) ப்ரொஃபைல் செய்துகொடுக்கும்.

படிகள் ஏன் முக்கியம் என்பது நம் கரையில் படம் எடுத்தால் புரியும். தனுஷ்கோடியில் 1964 புயலில் சிதைந்த தேவாலயத்தை உச்சி வெயிலில் எடுத்துப் பாருங்கள். மணல் வெள்ளை வெளேரென்று இருக்கும், பவளக்கல் சுவரின் குழிகளுக்குள் கும்மிருட்டு. பளபளப்பில்லாத மேட் பேப்பரில் கருப்பு அவ்வளவு ஆழமாக இறங்காது, பளபளப்பான கிளாஸியில் இறங்கும். கிளாஸியில் தனித்தனியாகத் தெரிந்த குழிகள் மேட்டில் ஒரே கருப்புத் திட்டாகிவிட்டன. போட்டோஷாப் பிரிண்ட் அமைப்பில், நிறங்களைப் பேப்பருக்கு மாற்றும் முறையாக ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் வைத்து, படத்தின் கருப்பைப் பேப்பர் தரக்கூடிய கருப்போடு பொருத்தும் பிளாக் பாயிண்ட் காம்பன்சேஷனை டிக் செய்ததும் குழிகள் திரும்பக் கிடைத்தன. பிரிண்ட் எப்படி வரும் என்று காட்டும் சாஃப்ட் புரூஃப் வசதியில், அச்சடிக்கும் முன் இதைத் திரையிலேயே பார்த்துவிடலாம், பேப்பர் மிச்சம்.

அப்புறம், கடலோரத்தில் காற்றில் ஈரம் அதிகம். அச்சடித்த சார்ட்டை ஒருநாள் காயவிட்டு அளக்கக் கொடுங்கள். அவசரப்பட்டால் ஈர மையின் நிறத்துக்குத்தான் ப்ரொஃபைல் கிடைக்கும்.

பிரிண்டர் மாடல், பேப்பர், மை ஒரிஜினலா இல்லையா, இது மூன்றையும் கேள்வியில் சேருங்கள். 21 படிப் பட்டையை அச்சடித்து, கருப்புப் பக்கம் எத்தனை படி ஒன்றாகிவிட்டது என்றும் எழுதுங்கள். அதற்கு மேல் என்ன மாற்றலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.