பச்சை ஊசிக் கனிமமும் உங்கள் மகளின் படிப்பும்

அம்மா, உங்கள் மகள் நிலவியல் படிக்கப்போகிறேன் என்கிறாள். போதாததற்கு குப்ரோஸ்க்லோடோவ்ஸ்கைட் என்ற யுரேனியக் கனிமத்தின் படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்குத் திக்கென்று இருந்ததில் வியப்பில்லை. ஆனால் அவள் நல்ல கனிமத்தைத்தான் பிடித்திருக்கிறாள்.

யுரேனியத் தாதுவின்மேல் ஆக்சிஜன் கலந்த நிலத்தடி நீர் பட்டு, அது சிதைந்து மாறும்போது இந்த இரண்டாம் நிலைக் கனிமம் பிறக்கிறது. செம்பும் சிலிக்காவும் அதே இடத்தில் கூடிவர வேண்டும், அதனால்தான் அரிது. காங்கோவில் கொல்வேசிக்கு அருகிலுள்ள முசோனோய் சுரங்கத்தில் கிடைத்த பச்சை ஊசிக் கொத்துகள் பேர்போனவை. மேரி கியூரியின் பிறந்தவீட்டுப் பெயரைத் தாங்கிய ஸ்க்லோடோவ்ஸ்கைட் என்ற கனிமத்தில் மெக்னீசியம் இருக்கும் இடத்தில் இதில் செம்பு (குப்ரோ) இருப்பதால், 1933-இல் இந்தப் பெயர் வந்தது. இரண்டின் படிக அமைப்பும் வேறு என்பது பிறகு தெரிந்தது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. யுரேனியக் கனிமங்கள் பல புற ஊதா ஒளியில் பளிச்சென்று ஒளிரும். இது ஒளிராது, உள்ளே இருக்கும் செம்பு அந்த ஒளியை அணைத்துவிடுகிறது. இந்த "ஏன்"களைத் தேடிப் போகிற பிள்ளைக்கு ஆராய்ச்சி மனம் இருக்கிறது.

"இதற்கெல்லாம் வேலை உண்டா?" என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஒரு கனிமத்துக்கென்று வேலை கிடையாது. ஆனால் அணு உலையில் பயன்படுத்தி முடித்த எரிபொருள்மேல் நீர் பட்டால், காலப்போக்கில் இதே குடும்பத்து யுரேனில் சிலிக்கேட்டுகள் (யுரேனியமும் சிலிக்காவும் சேர்ந்த கனிமங்கள்) உருவாகும். அதனால்தான் மெக்சிகோவின் நோபால் சுரங்கத்தில் இயற்கையாகவே நடந்த அந்த மாற்றத்தை அணுக்கழிவு ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். கழிவுப் பாதுகாப்பு, நிலத்தடி நீர் மாசு, சுரங்கப் பகுதி மீட்பு ஆகியவற்றில் கனிமவியலாளர்கள் தேவை. இளநிலைப் பட்டம் மட்டும் போதாது. முதுநிலையாவது முடிக்க வேண்டும்.

கதிர்வீச்சைப் பற்றிய பயத்துக்கு வருகிறேன். யுரேனியம் வெளிவிடும் ஆல்ஃபா துகளை ஒரு தாள்கூடத் தடுத்துவிடும். தூள் மூச்சில் போவதும், யுரேனியம் சிதைவதால் உண்டாகும் ரேடான் என்ற கதிரியக்க வாயு மூடிய இடத்தில் சேர்வதும்தான் பெரிய ஆபத்து. ஆய்வகத்தில் கையுறை, காற்றோட்ட அறை, உடல் பெறும் கதிர்வீச்சை அளக்கும் டோசிமீட்டர் எல்லாம் இருக்கும். பணியாளர் பெறும் கதிர்வீச்சு ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டை (கதிர்வீச்சை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது என்பது சர்வதேசப் பரிந்துரை. வீட்டில் அந்த வசதி எதுவும் இல்லை. ஆகவே கல்லை வாங்கி அலமாரியில் வைக்கிறேன் என்று அவள் கேட்டால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். சுவரில் படம் இருக்கட்டும்.

எனக்குள்ள ஒரே கவலை, அவளுக்கு வேதியியலில் எவ்வளவு பிடிப்பு என்பதுதான். அது இல்லாமல் இந்தத் துறையில் காலூன்ற முடியாது. அடுத்த முறை அவளையும் அழைத்து வாருங்கள். வேதியியல் நோட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.