எட்டு வருடம் நின்ற எம்ஜிபியை எப்படி எழுப்புவது?

கேள்வி: என் மாமா தன்னுடைய 1972 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர் என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை எனக்குக் கொடுத்துவிட்டார். எட்டு வருடமாக உறை போட்டு ஷெட்டிலேயே நிற்கிறது. புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? நவீன பாகங்களுக்கு மாற்றுவது சரியா? அடிக்கடி ஓட்டினால் தேய்ந்து மதிப்புக் குறைந்துவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: பேட்டரி வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள். எட்டு வருடம் நின்ற இன்ஜினை எடுத்த எடுப்பில் ஸ்டார்ட் செய்தால், எண்ணெய் வடிந்து காய்ந்திருக்கும் பேரிங்குகளும் சிலிண்டர் சுவர்களும் முதல் சில நொடிகளிலேயே அடிபடும். இன்னொரு ஆபத்தும் உண்டு. இன்ஜின் உயிர் பெற்றதும் யாருக்குமே தெருமுனை வரை ஓட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும். அந்தக் காரில் நம்ப முடியாத பாகம் பிரேக்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அது 155 டிகிரி வரை இறங்கலாம். இறக்கத்தில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் அப்படியே தரைக்குப் போகும். அதே ஈரம் முன்சக்கரக் காலிப்பர் பிஸ்டன்களையும் பின்சக்கர வீல் சிலிண்டர்களையும் உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கிறது. பழைய ஆயிலை முழுவதும் எடுத்துவிட்டுப் புது டாட் 4 ஊற்றுங்கள். சிலிக்கான் வகையான டாட் 5-ஐ இதோடு கலக்கவே கூடாது.

ரப்பர் ஹோஸ்களைப் பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். தொழில் கற்ற காலத்தில் இப்படி நின்ற ஒரு காரை நான் எழுப்பினேன். ஹோஸின் வெளிப்புறத்தில் ஒரு வெடிப்புகூட இல்லை, சரி என்று விட்டுவிட்டேன். மூன்று கிலோமீட்டர் போவதற்குள் கார் ஒரு பக்கமாக இழுத்தது. முன்சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோக முடியாத சூடு. கழற்றிய ஹோஸைப் பிளேடால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். உள் ரப்பர் ஊறிப் பெருத்து, ஊசி நுழையும் அளவுக்குத்தான் வழி மிச்சம் இருந்தது. பெடலை மிதிக்கும் அழுத்தத்தில் ஆயில் உள்ளே போய்விடுகிறது, காலை எடுத்தபின் திரும்பி வர வழியில்லாமல் பிரேக் பிடித்தபடியே நிற்கிறது. அன்றிலிருந்து வயது தெரியாத ஹோஸை நான் விட்டு வைப்பதில்லை.

டயரிலும் இதே கண் ஏமாற்றம் உண்டு. பட்டன் ஆழமாகவே இருக்கும், ரப்பர் செத்திருக்கும். பக்கச் சுவரில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2314 என்றால் 2014-இன் 23-ஆவது வாரம். பத்து வருடம் தாண்டிய டயரில் வேகமாகப் போக வேண்டாம், ஷெட்டுக்குள் தள்ளி நகர்த்த மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பெட்ரோல். டேங்க் மூடியைத் திறந்தால் வார்னிஷ் வாடை அடிக்கும். அந்தப் பெட்ரோலை முழுவதும் வடித்து எடுங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் இளகிக் கசியும். எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றுங்கள். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டுவதுதான் பழைய கார்கள் தீப்பிடிக்க முக்கியமான காரணம். பெட்ரோல் பம்ப் காரின் பின்பகுதியில் இருக்கிறது. பிற்பாடு பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பியதும் அது டிக் டிக் என்று வேகமாக அடித்து, கார்புரேட்டர் நிரம்பியதும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது டேங்க் காலி. சத்தமே இல்லையென்றால் பம்பின் பாயிண்டுகள் ஒட்டியிருக்கலாம். ஸ்பேனர் பிடியால் மெல்லத் தட்டினால் பல நேரம் உயிர் வரும். அப்படி வந்தாலும் பம்பைக் கழற்றிச் சரிபார்க்காமல் வெளியே எடுத்துப் போகாதீர்கள்.

இனி இன்ஜின். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு நாலாவது கியரில் போட்டுக் காரை மெல்லத் தள்ளினால் இன்ஜினும் சேர்ந்து சுற்றும். எங்காவது முட்டி நின்றால் முரட்டுத்தனமாகத் தள்ளாமல் மறுபடி ஊறவிட வேண்டும். தாராளமாகச் சுற்றுகிறதா? பழைய ஆயிலை மாற்றிவிட்டு 20டபிள்யூ-50 ஊற்றுங்கள். எம்ஜிபியில் உள்ள இந்த பி-சீரிஸ் இன்ஜினில் வால்வுகளை இயக்கும் கேம், டேப்பட் ஆகியவற்றின் உரசலுக்கு ஜிங்க் சேர்ந்த ஆயில் தேவை, அதனால் பழைய கார்களுக்கென்று விற்பதையே வாங்குங்கள். இப்போதுதான் பேட்டரி. உங்கள் காரில் அது ஒன்றாக இருக்காது. சீட்டுகளுக்குப் பின்னால் தரைக்கடியில் இரண்டு ஆறு வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து நொடியாகச் சுற்றி, டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் முள் எழுகிறதா என்று பாருங்கள். நெடுநாள் நின்ற இந்த இன்ஜின்களில் ஆயில் பம்ப் காற்றைப் பிடித்துக்கொண்டு இழுக்காமல் இருப்பது உண்டு. முள் எழுந்தபின் பிளக்குகளை மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள்.

எஸ்யூ கார்புரேட்டர்கள் இரண்டின் தலையிலும் உள்ள கறுப்பு மூடியைத் திருகி எடுத்தால் ஒரு சின்னக் கம்பி வெளியே வரும். அந்தக் குழியில் ஆயில் இல்லையென்றால் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் விக்கும். கார்புரேட்டரையே கழற்றி மாற்றிய பலருக்குத் தேவைப்பட்டது இந்த இரண்டு சொட்டு ஆயில்தான்.

இதற்கெல்லாம் செலவு செய்யும் முன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் கிடையாது; பாடியே சேஸிஸ். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பகுதிதான் காரின் முதுகெலும்பு. கதவைச் சாத்தி, அதன் பின்விளிம்பில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கீழே அகலமாகவும் மேலே குறுகியும் இருந்தால் காரின் நடு தொய்கிறது. ஜாக்கி போட்டுத் தூக்கும்போது கதவு இறுகினால் சந்தேகமே வேண்டாம், உள்ளே துரு தின்றுவிட்டது. மேலே பளபளக்கும் பெயின்ட்டை நம்பாதீர்கள். இன்ஜின் வேலை எவ்வளவு பெரிதானாலும் கணக்குப் போட்டுவிடலாம். துருவின் அளவு வெட்டித் திறந்தபின்தான் தெரியும். ஓர் ஆறுதல்: 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார் இது, உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை. 1988 முதல் இதன் முழு பாடி ஷெல்லே புதிதாகத் தயாராகிறது.

நவீன பாகங்களைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மறையும் எலெக்ட்ரானிக் இக்னிஷன், நல்ல மூன்றுமுனை சீட் பெல்ட், ஹெட்லைட்டுக்கு ரிலேயும் ஃபியூஸும் ஆகியவற்றுக்கு நான் தயங்காமல் சரி சொல்வேன். கடைசியாகச் சொன்னது முக்கியம், இந்தக் காரின் ஹெட்லைட் வயரில் கம்பெனியிலிருந்தே ஃபியூஸ் கிடையாது. கழற்றிய அசல் பாகங்களைத் துடைத்து, சீட்டு எழுதிப் பெட்டியில் வையுங்கள். அகல டயர், தாழ்த்திய சஸ்பென்ஷன் எல்லாம் வேண்டாம். லேசான ஸ்டீயரிங்கும், வளைவில் சக்கரம் பேசுவது கையில் தெரிவதும்தான் இந்தக் காரின் சுகம், அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஈயம் இல்லாத பெட்ரோல் வால்வு சீட்டை, அதாவது வால்வு மூடும்போது வந்து உட்காரும் இடத்தைத் தின்னும் என்று யாராவது பயமுறுத்துவார்கள். ஈயம் அந்த சீட்டுகளைக் காத்தது உண்மைதான். கடைசி நாடாக அல்ஜீரியாவும் 2021-இல் ஈயப் பெட்ரோலை நிறுத்திவிட்டது. அதற்காக இப்போதே ஹெட்டைக் கழற்ற வேண்டாம். வால்வு இடைவெளியை இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 15 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கு), அதாவது 0.38 மில்லிமீட்டர் வைத்து, ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை அளந்து எழுதி வாருங்கள். ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் அப்போது கடின சீட் போட்டுக்கொள்ளலாம்.

எவ்வளவு ஓட்டலாம்? இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது, அரைமணி நேரத்துக்குக் குறையாமல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. ஷெட்டுக்குள்ளேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்தால் அந்த ஈரத்தில் ஒரு பங்கு ஆயிலிலும் சைலன்ஸரிலும் தங்கி அரிக்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அது வெளியேறும். மாமாவின் காரில் நீங்கள் இப்போது மாற்றப் போகும் ஹோஸ், டயர், வீல் சிலிண்டர் எதுவுமே ஓடித் தேய்ந்தவை அல்ல, நின்றே கெட்டவை. ஒழுங்காக ஓடும் காருக்கு மதிப்புக் குறையும் என்ற பயமே வேண்டாம்.

முதல் ஓட்டம் ஐந்து கிலோமீட்டர் போதும். ஏபிஎஸ் கிடையாது, முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ய இழுத்த சோக்கைச் சீக்கிரம் உள்ளே தள்ளுங்கள். சூடேறும் வரை 3,000 ஆர்பிஎம்மைத் தாண்ட வேண்டாம். திரும்பி வந்ததும் இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் அருகேயும் புறங்கையைக் காட்டிப் பாருங்கள். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சூடாக இருப்பது இயல்பு; இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தப் பக்கத்து பிரேக்கைப் பிரித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சூடு என்றால் மறுநாள் இருபது கிலோமீட்டர் போய் வாருங்கள், மாமாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.