ஆட்டிசம்: மகனுக்காகப் பெங்களூருக்குக் குடிபோக வேண்டுமா?

கேள்வி: என் மகனுக்கு 5 வயது. மூன்று வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். காவேரிப்பட்டணம் பக்கம் கிராமத்தில் கூட்டுக் குடும்பமாக இருக்கிறோம். கணவருக்கு ஓசூர் கம்பெனியில் ஷிப்ட் வேலை. வாரம் இரண்டு நாள் மகனைப் பெங்களூருக்குத் தெரபிக்குக் கூட்டிப்போகிறேன். களியைத் தொடவே மாட்டான்; வெள்ளைச் சோறு, தயிர், ஒரே ரக பிஸ்கட், அவ்வளவுதான். முடிவெட்டப் போனால் தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிறான். கண் அசந்தால் தோட்டத்துக் கிணற்றுப் பக்கம் ஓடுகிறான். மாமியார் தெலுங்கில் பேசுவதால்தான் பேச்சு தாமதம், வீட்டில் தமிழ் மட்டும் பேசுங்கள் என்கிறார் தெரபிஸ்ட். மாமியாரோ, நான் செல்போன் கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார். கொஞ்சம் நிலத்தை விற்றுவிட்டுப் பெங்களூருக்கே போய்விடலாமா?
– வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: நீங்கள் நடுவில் ஒரு வரியாக எழுதியிருக்கும் கிணற்றைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன், அம்மா. மற்ற எல்லாவற்றுக்கும் அவகாசம் இருக்கிறது, இதற்கு இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் தனி ஈர்ப்பு. ஆபத்து என்ற எண்ணம் குறைவு. இவர்களுக்கு நேரும் விபத்து மரணங்களில் நீரில் மூழ்குவது முக்கியமான காரணம். உங்கள் பக்கத்துத் தோட்டக் கிணறுகள் பலவற்றுக்குச் சுற்றுச்சுவரே கிடையாது. நிலத்தை விற்றுச் செலவு செய்யும் யோசனை இருந்தால், அதில் முதல் செலவு கிணற்றின் மேல் கம்பி வலை போடுவதாக இருக்கட்டும். வாசல் கதவுக்கு அவன் கை எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள், கதவைத் திறந்தால் சத்தம் வரும்படி ஒரு மணி. ஒத்துக்கொண்டால் காலில் சலங்கை வைத்த கொலுசும் போடலாம். அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் வெட்கப்படாமல் சொல்லி வையுங்கள்: பையனைக் காணோம் என்றால் ரோட்டில் தேடும் முன் கிணற்றையும் தொட்டியையும் பாருங்கள் என்று. தனியாக அங்கே பார்த்தால் கையைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து விடட்டும்.

சரி, பெங்களூருக்கு வருவோம். முக்கால் மணி நேரத் தெரபிக்குப் போக வர ஐந்தாறு மணி நேரம் பஸ்ஸில் போகிறது என்றால், பிள்ளை அங்கே போய்ச் சேரும்போதே களைத்திருப்பான். அந்த அறையில் நடப்பதைவிட, மீதி நேரமெல்லாம் வீட்டில் நடப்பது பெரிது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஓர் ஆய்வு நடந்தது. சிறப்பு நிபுணர்கள் இல்லை; பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளையின் போக்குக்கு ஏற்பப் பெற்றோர் பழகக் கற்றார்கள். பிள்ளைகள் தாமாக முன்வந்து தொடர்பு கொள்வதும் கூடியது. ஆகவே குடிபோக வேண்டாம் என்பதே என் கருத்து. அடுத்த முறை போகும்போது தெரபிஸ்டிடம், "நீங்கள் செய்வதை எனக்குச் செய்து காட்டுங்கள், நான் செய்வதைப் பார்த்துத் திருத்துங்கள்" என்று கேளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு உங்களை வெளியே உட்கார வைக்கும் இடமாக இருந்தால், எனக்கு அந்த இடத்தின் மீது மரியாதை கொஞ்சம் குறைவுதான்.

வீட்டில் என்ன செய்வது? அவனுக்குப் பிடித்த பிஸ்கட்டை அவனால் திறக்க முடியாத, உள்ளே இருப்பது தெரிகிற டப்பாவில் போட்டு வையுங்கள். எடுத்துக்கொண்டு உங்களிடம் வருவான். உடனே திறக்காதீர்கள். அவன் உயரத்துக்குக் குனிந்து, மனசுக்குள் பத்து எண்ணுங்கள். ஒரு பார்வை, ஒரு ஒலி, கையை நீட்டுவது, எது வந்தாலும் சரி. "பிஸ்கட்" என்று நீங்கள் ஒரே சொல் சொல்லி, டப்பாவைத் திறந்துவிடுங்கள். வரவில்லை என்றாலும் சொல்லைச் சொல்லிவிட்டுக் கொடுத்துவிடுங்கள், அழ விட வேண்டாம். ஊஞ்சல், சோப்பு நுரை, பம்ப்செட் தண்ணீர் என்று பிடித்தது எதை வைத்தும் இதைச் செய்யலாம். பம்ப்செட் பக்கம் போனால் கை மட்டும் பிடியிலேயே இருக்கட்டும்.

இதையே பாட்டி தெலுங்கில் செய்யலாம். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பேச்சு கெடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, வெளியே தமிழ் என்பது உங்கள் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களில் சகஜம். பாட்டியை வாய்மூட வைத்தால் அவனோடு அதிகம் பேசக்கூடிய ஒரு ஆளை இழப்பீர்கள். உங்கள் மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்: ஆட்டிசம் செல்போனால் வருவதில்லை. ஆனால் போன் பார்க்கும் நேரம் யாரோடும் பழகாத நேரம், அதனால் குறைப்பது நல்லது. அவரைக் குறை சொல்லவில்லை. பேரனைப் பற்றிய கவலைதான் அப்படிப் பேச வைக்கிறது.

களிக்கு வருகிறேன். களியை மென்று சாப்பிடுவதில்லை, விழுங்குகிறோம். கையில் ஒட்டும், சூடாக இருக்கும், வழுக்கும். தொடு உணர்வு கூர்மையாக இருக்கும் பிள்ளைக்கு அது பெரிய சோதனை. பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். வற்புறுத்தி ஊட்டினால் சோற்றையும் வெறுத்துவிடுவான். தட்டின் ஓரத்தில் ஒரு பட்டாணி அளவு களி, அவ்வளவுதான். சாப்பிடச் சொல்ல வேண்டாம். சில நாளில் தட்டில் இருப்பதைப் பொறுத்துக்கொள்வான், அப்புறம் தொடுவான், முகர்வான். கேழ்வரகே வேண்டும் என்றால் மொறுமொறுவென்று ராகி தோசையாக முயலலாம், பிஸ்கட் தின்கிற பிள்ளைக்கு மொறுமொறுப்பு பழக்கம்தானே. இடையில் ஒருமுறை ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும் இரும்புச்சத்தும் பார்த்துவிடுங்கள். மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். வெள்ளைச் சோறும் பிஸ்கட்டுமாக இருக்கும் பிள்ளைக்கு இரும்புச்சத்துக் குறைவு, மலச்சிக்கல் இரண்டும் சாதாரணம்.

முடிவெட்டுவதில் அவனைப் பதற வைப்பது மெஷின் சத்தமும், கழுத்தில் விழும் முடியும், முகத்தில் தெளிக்கும் தண்ணீரும். தெரிந்த கடைக்காரரை வீட்டுக்கே வரச் சொல்லுங்கள். மெஷின் வேண்டாம், கத்தரிக்கோல் போதும். முதல் நாள் சும்மா சீப்பு மட்டும். ஒரே உட்காரலில் முடிக்க வேண்டும் என்று யார் சொன்னது? இடது பக்கம் இன்று, வலது பக்கம் ஞாயிற்றுக்கிழமை என்றால் நான்கு நாள் கோணலாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

அப்பாவின் ஷிப்ட் மாறும் வாரங்களில் அவன் அதிகம் கலங்குகிறானா என்று பாருங்கள். கம்பெனி பஸ், தூங்கும் அப்பா, சாப்பாடு என்று நாலு படம் போனில் எடுத்து பிரிண்ட் போட்டுச் சுவரில் அன்றைய வரிசைப்படி ஒட்டினால், அன்று என்ன நடக்கும் என்பது அவனுக்குப் புரியும்.

நிலம் விற்கும் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டெம்செல் ஊசி போட்டால் ஆட்டிசம் போய்விடும் என்று யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் ஏமாறாதீர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியமே 2022-இல் ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

பக்கத்திலேயே கிடைப்பவற்றைப் பயன்படுத்துங்கள். கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேட்டு விசாரியுங்கள். குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கான அரசு மையம் அது, கட்டணம் இல்லை. பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பள்ளியில் சேர்க்கும் முன் அவர்களிடம் பேசுங்கள். ஆட்டிசம் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது, எனவே அடையாள அட்டை வாங்குங்கள். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவித்தொகையையும், ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தரும் நிராமயா மருத்துவக் காப்பீட்டையும் கேளுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இதுவரை இல்லாத அழுகையோ, தலையில் அடித்துக்கொள்வதோ திடீரென்று ஆரம்பித்தால் "ஆட்டிசம்தானே" என்று விடாதீர்கள். பல்வலி, காதுவலி, வயிற்றுவலி என்று சொல்லத் தெரியாத வலியாக இருக்கலாம். சில நொடிகள் கண் நிலைகுத்தி நின்று, கூப்பிட்டாலும் தொட்டாலும் அசையாமல் இருந்தால் வலிப்பாக இருக்கலாம். அதைப் போனில் வீடியோ எடுத்து, அந்த வாரமே மருத்துவரிடம் காட்டுங்கள்.