ஃபெர்மாட்டாவில் குழுவும் ஆர்கனும் பிரிந்துபோனால்

இசையமைப்பாளர் பாக்கின் 'மத்தேயு பாஷன்' படைப்பில் வரும் கோரல் (தேவாலயப் பாட்டு) 'ஓ ஹாப்ட் ஃபோல் ப்ளூட் உண்ட் வுண்டன்' உங்கள் பாடகர் குழு பாடும்போது, ஒவ்வொரு வரி முடிவிலும் ஆர்கன் முந்திப் போய்விடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஆர்கன் வாசிப்பவர் மேல் தப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அங்கே சுரத்தின் மேல் இருக்கும் ஃபெர்மாட்டா குறி (வளைவுக்குள் ஒரு புள்ளி) 'இழுத்து நில்' என்று சொல்வதில்லை. வரி முடிகிறது, மூச்சு எடுத்துக்கொள் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். முதல் வரியில் 'வுண்டன்' என்பதன் 'டன்' நான்கு எண்ணிக்கைத் தாளத்தின் மூன்றாம் எண்ணிக்கையில் வருகிறது. நான்கிலேயே அடுத்த வரி தொடங்கிவிடும். அதனால் 'டன்'னை அரை எண்ணிக்கையில் விட்டுவிட்டு மீதி அரையில் மூச்சு எடுக்கச் சொல்லுங்கள். கடைசி 'ன்' எல்லார் வாயிலும் ஒரே நேரத்தில் மூட வேண்டும்; பாதிக் குழப்பம் அங்கேதான். ஆர்கன்காரரும் அந்த இடத்தில் கையைத் தூக்கட்டும்.

இன்னொன்று: ஆர்கனின் குழாய்கள் குழுவிலிருந்து 17 மீட்டர் தள்ளியிருந்தால் ஒலி வர ஏறக்குறைய 0.05 விநாடி ஆகும். காதை நம்பிப் பாடினால் பின்தங்கத்தான் செய்வீர்கள். உங்கள் கையைப் பார்த்துப் பாடச் சொல்லுங்கள்.

ரொம்ப மெதுவாகவும் எடுக்காதீர்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601இல் வெளியிட்ட காதல் பாட்டின் மெட்டு இது!